ரப்பர்க் கொட்டையும் டீசல் கரியும்

அம்பூரியின் மலைச்சரிவுகளில் மழைக்காலத்தின் பிற்பாதியில் ரப்பர்க் காய்கள் வெடித்து, புள்ளியிட்ட கொட்டைகள் தோட்டமெங்கும் சிதறும். பாலையே வருவாயாகக் கருதும் நமக்கு அவை பெரும்பாலும் குப்பை. ஆயினும் டீசல் புகை குறித்த ஆய்வு வரலாற்றில் இக்கொட்டைக்கு ஓர் இடம் உண்டு.

தாவர எண்ணெயில் டீசல் எந்திரம் ஓடுவது புதிதன்று. 1900ஆம் ஆண்டு பாரிசு உலகக் கண்காட்சியிலேயே அத்தகைய எந்திரமொன்று கடலை எண்ணெயில் இயங்கியது. பெட்ரோலிய டீசல் மலிவாகக் கிடைத்தபின் அது மறக்கப்பட்டது.

2005இல் கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தின் ராமதாஸ், ஜெயராஜ், முரளீதரன் ஆகியோர் ரப்பர்க் கொட்டை எண்ணெய் குறித்த ஆய்வுகளை வெளியிட்டனர். எண்ணெயை அப்படியே டீசலில் மிகுதியாகக் கலந்தபோது எரியறையில் கரி கூடுதலாகப் படிந்தது. தடித்த எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறுவதில்லை. சிதறாதது முழுமையாக எரிவதுமில்லை. அதே எண்ணெயை மெத்தனாலுடன் வினைப்படுத்தி எஸ்டராக்கி, பத்து விழுக்காடு கலந்தபோது உமிழ்வு குறைந்தது. எஸ்டரில் ஆக்சிசன் உள்ளடங்கியிருக்கிறது. கரிக்கு வித்தாகும் அரோமாட்டிக் சேர்மங்கள் அதில் இல்லை. ஆக, வேறுபாட்டை உண்டாக்கியது எண்ணெயின் பிறப்பிடம் அன்று, அதைப் பக்குவப்படுத்திய முறையே.

இந்த ஆதாயத்துக்கும் ஒரு விலை உண்டு. இருபது விழுக்காடு பயோடீசல் கலந்தால் துகள்கள் ஏறத்தாழ பத்து விழுக்காடு குறையும், நைட்ரசன் ஆக்சைடுகளோ இரண்டு விழுக்காடு கூடும் என 2002இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை கணித்தது.

மொழி பயின்றவனாக எனக்கு ஒன்று தோன்றுகிறது. 'புகை' என்னும் சொல் கண்ணுக்குத் தெரிவதையே சுட்டுகிறது. பழைய அளவீடுகளும் புகையின் கருமையையே அளந்தன. பின்னர்த் துகள்களின் எடையை அளந்தனர். 2012இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை டீசல் புகையைப் புற்றுநோய்க் காரணி என உறுதிசெய்தது. 2020 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த பாரத் ஸ்டேஜ் 6 விதிகள், டீசல் கார்களின் துகள் எண்ணிக்கைக்கும் வரம்பிட்டன. புகை வெளுத்துவிட்டதால் மட்டும் நுரையீரல் தப்பிவிட்டதென்று பொருளாகாது.

புதிய வண்டிகளில் துகள்களைத் தடுக்க வடிகட்டி இருக்கிறது. வடிகட்டியில்லாத பழைய ஜீப்புகளுக்கும் நீரிறைக்கும் எந்திரங்களுக்கும்தான் எரிபொருளின் தன்மை முதன்மையானது. மலையேறும் பழைய ஜீப்பின் பின்னே நடக்கும் பள்ளிப் பிள்ளைகள் உள்ளிழுப்பதைக் கொண்டே இக்குப்பையின் மதிப்பை நாம் கணக்கிட வேண்டும்.