மலைச்சரிவு உருவாக்கிய எஃகுச் சட்டம்

மலைப்பாதையில் ஓட்டுவதற்கென்று எஃகுக் குழாய்களாலான சைக்கிள் சட்டம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க முற்படுகிறவர், குழாய் எந்தக் கலவையால் ஆனது, முன்கழுத்து எவ்வளவு சாய்ந்திருக்கிறது, மூட்டுகள் எவ்விதம் பற்றவைக்கப்பட்டிருக்கின்றன என்று விசாரிப்பது இயல்பு. கலிபோர்னியாவில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூரை அடுத்த குன்றிலிருந்து இறங்கும் ஒரு மண்பாதையே, சுமார் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னர், இந்த விசாரணையைத் தவிர்க்க முடியாததாக்கியது.

இரண்டு மைலுக்குச் சற்று அதிகமான தூரத்தில் 1300 அடி இறங்கும் அந்தப் பாதையில், 1976 அக்டோபரில் சில இளைஞர்கள் கடிகாரத்தை வைத்துப் பந்தயம் நடத்தத் தொடங்கினார்கள். மிதியைப் பின்னோக்கி அழுத்தினால் பின்சக்கரக் குடத்துக்குள்ளேயே பிடிக்கும் பழைய பிரேக், அடிவாரம் வந்து சேர்வதற்குள் குடத்திலுள்ள கிரீஸ் முழுவதும் புகைந்து தீர்ந்துபோகும் அளவுக்குக் காய்ந்துவிடும். குடத்தைப் பிரித்து மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் மறு பிரயாணம். அந்த மறு அடைப்பைக் குறிக்கும் ‘ரீபேக்’ என்ற சொல்லே பாதைக்குப் பெயராக நிலைத்துவிட்டது.

அவர்கள் ஓட்டியவை மலைக்கென்று செய்யப்பட்ட வண்டிகள் அல்ல. சிகாகோவிலிருந்த ஷ்வின் நிறுவனம் 1933-ஆம் ஆண்டு முதல் தடித்த பலூன் டயரோடு விற்ற வண்டிகள், முப்பது நாற்பது ஆண்டுகள் எங்கெங்கோ மூலையில் கிடந்தபின், அற்ப விலைக்கு வாங்கப்பட்டு, வேண்டாத உறுப்புகளெல்லாம் கழற்றப்பட்டு, மலைமேல் ஏற்றப்பட்டன. நகரத்துத் தெருவில் பையன்கள் ஓட்டுவதற்கென்று சாதாரண எஃகால் செய்யப்பட்ட அந்தச் சட்டங்கள், அத்தனை வேகத்தில் பாறையிலும் பள்ளத்திலும் மோதுவதைப் பொறுக்க முடியாமல் வளைந்தன, முறிந்தன. ஆயினும் அவற்றின் அமைப்பிலே ஒரு விசேஷம் இருந்தது: முன்கழுத்து நன்றாகச் சாய்ந்து, முன்சக்கரம் ஓட்டுபவனைவிட்டு வெகுதூரம் முன்னே நின்றதால், செங்குத்தான இறக்கத்தில் வண்டி தலைகுப்புறக் கவிழாமல் நிதானத்தோடு இறங்கிற்று. ஆக, உருவம் சரியாக இருந்தது, உலோகந்தான் போதவில்லை.

இந்த உண்மையைத் தெளிவாகக் கண்டு, கண்டதைக் கையால் செய்தும் காட்டியவர் ஜோ பிரீஸ். சாலைப் பந்தய வண்டிகளுக்குச் சட்டம் கட்டிப் பழகியிருந்த அவர், நண்பர் சார்லி கெல்லி கேட்டுக்கொண்டதற்கிணங்க, பழைய ஷ்வின் சட்டத்தின் அமைப்பைப் பின்பற்றி, ஆனால் விமானங்களுக்கு உபயோகமாகும் குரோமியம் மாலிப்டினம் கலந்த எஃகுக் குழாய்களைக் கொண்டு, 1977-ல் ஒரு புதிய சட்டத்தைக் கட்டினார். அதன் மேலேறி ரீபேக் பந்தயத்திலும் வென்றார். நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்கு குரோமியமும் அதில் ஐந்தில் ஒரு பங்கு மாலிப்டினமும் சேர்ந்த மாத்திரத்திலே, அதே எடையுள்ள குழாய் வெகு அதிகமான அடியைத் தாங்குகிறது என்பது உலோக சாஸ்திரத்தின் அற்புதங்களில் ஒன்றாகவே எனக்குத் தோன்றுகிறது. 1979-ல் டாம் ரிச்சி கட்டிய சட்டங்களை கேரி ஃபிஷரும் கெல்லியும் விற்கத் தொடங்கினார்கள்; 1981-ல் ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தார் ஜப்பானில் செய்வித்த ‘ஸ்டம்ப்ஜம்பர்’ வந்து, கைவினைஞர் சிலருடைய பட்டறைப் பொருளாக இருந்ததைக் கடைச் சரக்காக்கிவிட்டது.

ஆனால் கலவையின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் திருப்தியடைந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். எஃகு எந்த வகையைச் சேர்ந்ததாயினும் அதன் விறைப்பு ஏறக்குறைய ஒன்றே. கலவையால் கூடுவது முறியாத வலிமை மட்டுமே. அந்த வலிமையை நம்பிக் குழாயின் சுவரை எவ்வளவு மெல்லியதாக்கினார்கள், விட்டத்தை எவ்வளவு வைத்தார்கள் என்பதிலிருந்துதான், சட்டம் ஓட்டுபவனுக்குக் கீழே சற்றே நெகிழ்ந்து கொடுக்கும் அந்த இனிய குணம் பிறக்கிறது. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் ஆணி செய்யும் பரம்பரையில் வந்த ஆல்ஃபிரெட் ரெனால்ட்ஸ், குழாயின் இரு முனைகளைத் தடிப்பாகவும் நடுவை மெல்லியதாகவும் செய்யும் முறைக்கு 1897-லேயே காப்புரிமை பெற்றார். பற்றவைக்கும் நெருப்பு எஃகை நலிவுறச் செய்வது மூட்டருகில்தானே! 1990-களில் ரெனால்ட்ஸ் நிறுவனத்தார் வெளியிட்ட 853 என்னும் குழாயோ, பற்றவைத்தபின் காற்றிலே ஆறும்போது மூட்டருகில் முன்னிலும் கடினமாகிறது.

பின்சக்கரத்துக்கும் வில் பொருத்திய சட்டங்கள் வந்த பிறகுதான், பின்னே வில்லில்லாத பழைய வகை ‘ஹார்டுடெயில்’ என்று தனியே பெயர் பெற்றது. இடையே, 1980-களின் பிற்பகுதியில் பந்தய வேகத்தை விரும்பிக் கழுத்தைத் தரையோடு 71 டிகிரிக்கு நிமிர்த்தியவர்கள், இறக்கத்தின் தேவையை உணர்ந்து படிப்படியாகத் தணித்து, இன்று பல சட்டங்களில் 65 டிகிரிக்கே வந்துவிட்டார்கள். இது அந்தப் பழைய ஷ்வின் வண்டியின் சாய்வையும் மிஞ்சியது. பிரீஸ் கட்டிய முதல் சட்டம் இப்போது அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் காட்சிசாலையில் இருக்கிறது. முன்கழுத்திலிருந்து பின்சக்கர அச்சுவரை, வலுவுக்காக இருபுறமும் அவர் ஓடவிட்ட இரண்டு மெல்லிய குழாய்களை அதில் காணலாம். பின்வந்த சட்டங்கள் அவை இல்லாமலே அந்தச் சரிவுகளைத் தாங்கின.