கேட்டுக்கு உள்ளே

சங்குச் சத்தம் கேட்டு எழுந்த தலைமுறை நாம். சிங்காநல்லூர், பீளமேடு பக்கம் அந்தக் காலத்தில் கடிகாரம் இல்லாத வீட்டிலும் மணி தெரியும்.

எண்பதுகளில் ஒரு நாள், நான் கணக்கு எழுதிய மில்லின் கேட்டில் ஆலை மூடல் நோட்டீஸ் ஒட்டினார்கள். இரவு ஷிப்ட்காரர்கள் வெளியே வர மறுத்துவிட்டார்கள். மூன்று நாள் வீட்டுப் பெண்கள் காம்பவுண்டு சுவர் வழியாகத் தூக்குப்போசி நீட்டினார்கள். "ஓடாத மில்லுக்குள்ள உக்காந்து என்னங்க பிரயோசனம்?" என்று ஒரு மேஸ்திரியிடம் கேட்டேன். "நாம வெளிய போனா ராத்திரியோட ராத்திரியா மிஷினைக் கழட்டி லாரில ஏத்திருவாங்க தம்பி. அப்புறம் எதைத் திறக்கச் சொல்லிக் கேப்பே?" என்றார்.

இந்த வழி அவர் கண்டுபிடித்ததல்ல. 1936 ஜூன் மாதம் பிரான்சில் லட்சக்கணக்கான தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து, வாரம் 40 மணி நேர வேலையும் சம்பளத்துடன் விடுமுறையும் பெற்றார்கள். அடுத்த மாதமே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில், வ. சுப்பையா தலைமையில் பஞ்சாலைத் தொழிலாளர்கள் எட்டு மணி நேர வேலை கேட்டுப் போராடினார்கள். ஜூலை 30 அன்று சவானா மில்லில் துப்பாக்கிச் சூடு நடந்தது. 12 பேர் இறந்தார்கள். 1937 ஏப்ரலில் எட்டு மணி நேர வேலை அங்கே சட்டமானது.

ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. ஓடுகிற ஆலையை நிறுத்தினால் முதலாளிக்கு நஷ்டம். அவரே மூட நினைக்கிற ஆலையில் உட்கார்ந்தால் அவருக்கு நஷ்டமில்லை. அப்போது அது வேலைநிறுத்தம் அல்ல, காவல். மிஷினைக் காப்பாற்றலாம், பஞ்சு வாங்கப் பணம் போட யாராவது வேண்டும்.

அந்த யாராவது, ஒரு காலத்தில் அரசாங்கமாக இருந்தது. 1974-ல் நலிந்த 103 ஆலைகளை மத்திய அரசு சட்டம் போட்டு எடுத்துக்கொண்டது. நம் ஊரின் பங்கஜா, கம்போடியா, முருகன் மில்கள் என்.டி.சி. ஆனது அப்படித்தான். 2020 மார்ச் ஊரடங்கில் என்.டி.சி. ஆலைகளும் நின்றன. ஊரடங்கு முடிந்தது. மற்ற மில்கள் ஓடின. இவை ஓடவில்லை. திறக்கச் சொல்லி காட்டூர் அலுவலகத்தின் முன் தொழிலாளர்கள் போராடினார்கள்.

எங்கள் மில் நான்கு மாதம் கழித்துத் திறந்தது, பாதி ஆட்களோடு. மிஷின்கள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. திறந்த அன்று சங்கு ஊதியபோது அந்த மேஸ்திரி கேட்டுக்கு வெளியே நின்றிருந்தார். மீதிப் பாதியில் அவர் பெயர் இருந்தது.