சீட்டு வரலைன்னா என்ன பண்றது? - லண்டனில் 1857இல் நடந்த ஒரு சோதனை

"எனக்குக் கையே வரலைடா!"

சீட்டாட்டத்தில் தோற்றவர் யாராக இருந்தாலும் இந்த வசனத்தைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டார். ஜெயித்தவர் "எனக்கு நல்ல கை வந்துச்சு, அவ்வளவுதான்" என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அவர் "பார்த்தியா எப்படி ஆடினேன்" என்பார் :) இந்த இரண்டு வசனங்களில் எது எவ்வளவு உண்மை என்று நிஜமாகவே அளந்து பார்த்த ஒரு மனிதரைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அவர் கண்டுபிடித்த எண்களை வைத்து நாம் கொஞ்சம் கணக்கும் போட்டுப் பார்க்கலாம். பயப்படாதீர்கள், ப்ளஸ் டூ கணக்கு கூட வேண்டாம்.

அவருக்கு முன்னால் இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். ஜெரோலமோ கார்டானோ (1501-1576), இத்தாலிய மருத்துவர், கணித மேதை, கூடவே படு மோசமான சூதாடி. பல வருடங்கள் சதுரங்கத்திலும் பகடையிலும் பொழுதையும் பணத்தையும் தொலைத்ததாகத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். வெனிஸில் ஒருமுறை சீட்டில் அடையாளம் போட்டு ஏமாற்றியவனைக் கத்தியால் முகத்தில் கீறிவிட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு ஓடிய கதையும் அதில் உண்டு. இந்த மனுஷன்தான் இரண்டு பகடைகளை உருட்டினால் 36 விதமாக விழலாம் என்று எண்ணி, வாய்ப்பைக் கணக்காக மாற்றிய முதல் ஆட்களில் ஒருவர். அந்தப் புத்தகம் அவர் செத்து 87 வருடம் கழித்து, 1663இல்தான் அச்சில் வந்தது. வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு கணக்குப் போட்டவரே அதிர்ஷ்டம் என்று ஒன்று சில ஆட்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும் என்றும் நம்பினார். சூதாட்டத்தில் பெரிய லாபம் ஆடாமலே இருப்பதுதான் என்றும் எழுதினார். எழுதினாரே தவிர, ஆட்டத்தை விட்டாரா என்று கேட்காதீர்கள்.

சரி, லண்டனுக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் பெரிய மனிதர்களுக்கு விஸ்ட் என்ற ஆட்டம் பைத்தியம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: நாலு பேர், எதிரெதிரே உட்காருபவர்கள் கூட்டாளிகள், ஆளுக்கு 13 சீட்டு, ஒரு துருப்பு. நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டு போட, பெரிய சீட்டு போட்டவர் அதை அள்ளிக்கொள்வார். இதை ஒரு 'பிடி' என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 13 பிடி. மூன்று ஆட்டங்களில் இரண்டை ஜெயிக்கும் ஜோடிக்கு ஒரு 'ரப்பர்'. இன்றைய பிரிட்ஜுக்குத் தாத்தா முறை.

ஹென்றி ஜோன்ஸ் (1831-1899) என்ற டாக்டர் இந்த ஆட்டத்தில் ஊறிப்போனவர். தான் ஆடிய கிளப்பின் பெயரையே புனைபெயராக வைத்துக்கொண்டு 'கேவண்டிஷ்' என்ற பெயரில் 1862இல் விஸ்ட் பற்றிப் புத்தகம் எழுதினார். பிறகு டாக்டர் தொழிலையே விட்டுவிட்டு விளையாட்டுகளைப் பற்றி எழுதுவதிலேயே இறங்கிவிட்டார். (1877இல் நடந்த முதல் விம்பிள்டன் டென்னிஸ் போட்டிக்கு நடுவரும் இவரே. மனுஷனுக்கு எத்தனை வேலை பாருங்கள்!)

1857இல் இவரும் நண்பர்களும் செய்த சோதனை இதுதான். இரண்டு அறைகள். ஒவ்வொன்றிலும் நன்றாக ஆடும் ஒரு ஜோடி, சுமாராக ஆடும் ஒரு ஜோடி. முதல் அறையில் கெட்டிக்கார ஜோடிக்கு வந்த அதே சீட்டுகளை இரண்டாவது அறையில் சுமார் ஜோடிக்குக் கொடுத்தார்கள். முதல் அறையில் சுமார் ஜோடிக்கு வந்தவை இங்கே கெட்டிக்காரர்களுக்கு. அதாவது சீட்டு அதேதான், ஆள் மட்டும் மாற்றம். இப்படி 33 கைகள் ஆடினார்கள்.

முதல் அறையில் கெட்டிக்காரர்களுக்குச் சீட்டு அருமையாக வந்தது. ஆறு ரப்பரில் நாலு ஜெயித்து 18 புள்ளிகள் கூடுதல். இரண்டாவது அறையில் கெட்டிக்காரர்களுக்கு அதனாலேயே மட்டமான சீட்டு. ஏழு ரப்பரில் மூன்றுதான் ஜெயித்தார்கள், 7 புள்ளிகள் நஷ்டம். 18இல் 7 போனால் 11. ஆகவே ஒரு ரப்பருக்குக் கிட்டத்தட்ட ஒரு புள்ளி திறமையால் வந்தது என்று கேவண்டிஷ் முடிவு கட்டினார். விஸ்ட் வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்று நிரூபித்தாகிவிட்டது, எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் அந்த எண்களை இன்னொரு பக்கமாகத் திருப்பிப் பாருங்கள். திறமை + அதிர்ஷ்டம் = 18. திறமை - அதிர்ஷ்டம் = -7. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் திறமை ஐந்தரை. அப்படியானால் அதிர்ஷ்டம் பன்னிரண்டரை! திறமையை நிரூபிக்கவே ஏற்பாடு செய்த ஒரு சோதனையில், ஆட்டம் தெரிந்தவரும் தெரியாதவரும் மோதியபோது கூட, சீட்டின் பங்கு திறமையின் பங்கைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். நல்ல ஆட்டக்காரர் 33 கை ஆடிவிட்டுத் தோற்று எழுந்து போவது அதிசயமே இல்லை, அது சர்வசாதாரணம்.

இன்னும் கொஞ்சம் போவோம். திறமை ஒவ்வொரு கைக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்துகொண்டே போகும். அதிர்ஷ்டம் ஒருநாள் இந்தப் பக்கம், ஒருநாள் அந்தப் பக்கம் என்று தனக்குத்தானே அடித்துக்கொள்ளும். அதனால் அது ஆட்ட எண்ணிக்கையின் வர்க்கமூலம் அளவுக்குத்தான் வளரும். அந்தக் கணக்குப்படி இரண்டும் சமமாக வருவதற்கே சுமார் 170 கைகள் ஆட வேண்டும். ஒரே ஒரு சோதனையை வைத்துப் போட்ட தோராயக் கணக்குதான், கல்வெட்டில் பொறிக்க வேண்டாம். ஆனால் 'போன வாரம் தோத்துட்டேன், அப்ப நான் தப்பா ஆடறேன்' என்று முடிவு கட்ட ஒரு வாரம் போதாது என்பது தெரிகிறது இல்லையா? 'போன வாரம் ஜெயிச்சேன், அப்ப நான் கில்லாடி' என்பதற்கும் போதாது. இது நமக்குப் பிடிக்காத பாதி :)

இந்த இரட்டை அறை யோசனையை அமெரிக்கர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1891இல் அங்கே அமெரிக்கன் விஸ்ட் லீக் தொடங்கியது. அதே காலத்தில் மிச்சிகன் மாநிலத்தின் கலமசூ ஊரின் பெயரில் ஒரு தட்டு பிரபலமானது. நாலு பேரின் சீட்டுகளையும் தனித்தனியாகச் செருகி வைத்து, அப்படியே அடுத்த மேசைக்கு அனுப்ப வசதியான தட்டு. போட்ட சீட்டை நடுவில் எறியாமல் அவரவர் முன்னாலேயே வைத்துக்கொள்ளும் பழக்கமும் இதனால் வந்ததுதான். இல்லாவிட்டால் எந்தச் சீட்டு யாருடையது என்று எப்படித் தெரியும்? 1925இல் ஹெரால்ட் வாண்டர்பில்ட் கப்பல் பயணத்தின்போது ஒப்பந்த பிரிட்ஜுக்கு வடிவம் கொடுத்த பிறகு, போட்டி பிரிட்ஜ் முழுக்க இந்த முறையில்தான் ஓடுகிறது. 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரிட்ஜ் முதல் தடவையாகச் சேர்க்கப்பட்டபோது பிரணாப் பர்தன் (வயது 60), சிப்நாத் சர்க்கார் (வயது 56) ஜோடி இந்தியாவுக்குத் தங்கம் வாங்கித் தந்தது நினைவிருக்கலாம். அதுவும் இப்படித்தான்.

இந்த முறையில் ஒரு பெரிய மனமாற்றம் ஒளிந்திருக்கிறது. உங்களுக்கு உருப்படாத 13 சீட்டு வந்தால், அதே உருப்படாத சீட்டு அடுத்த மேசையில் உங்கள் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கும் வரப்போகிறது. அவர் அதை வைத்துக்கொண்டு ஐந்து பிடி விட்டார், நீங்கள் நாலு மட்டும் விட்டீர்கள் என்றால் நீங்கள் ஜெயித்தீர்கள்! எதிரே இருப்பவரிடம் தோற்றுக்கொண்டே ஜெயிப்பது. புலம்புவதற்கு இடமே இல்லை.

இடமே இல்லை என்றால் பொய். எதிராளி அசட்டுத்தனமாக ஏதோ செய்து, அது அவருக்கே சாதகமாகிவிடுவதும் உண்டு. எதிராளிகளின் சீட்டு உங்கள் திட்டத்துக்கு எதிராகப் பிரிந்திருப்பதும் உண்டு. அதற்கு பிரிட்ஜ்காரர்கள் கண்டுபிடித்த மருந்து, கெட்ட நேரத்தை முன்கூட்டியே செலவுக் கணக்கில் எழுதிவிடுவது. ஒரு உதாரணம் சொல்கிறேன். துருப்பே இல்லாத ஆட்டம். எதிரே மேசையில் விரித்த உங்கள் கூட்டாளியின் சீட்டில் ஒரு இனத்தில் ஏஸ், ராஜா, ராணி, கூடவே இரண்டு சின்னச் சீட்டு. உங்கள் கையில் அதே இனத்தில் இரண்டு சின்னச் சீட்டு. அந்தப் பக்கம் போய்ச் சேர வேறு வழியில்லை. உங்களுக்கு நாலு பிடி வேண்டும்.

மீதி ஆறு சீட்டும் எதிராளிகளிடம். அது 3-3 என்று பிரிந்திருந்தால் ஏஸ், ராஜா, ராணி என்று அடித்துவிட்டு மிச்ச இரண்டையும் எடுத்துவிடலாம். ஐந்து பிடி, கொண்டாட்டம். ஆனால் அப்படிப் பிரிய வாய்ப்பு 35.5 சதவீதம்தான். 4-2 என்று பிரிய 48.4 சதவீதம். அப்போது மூன்று பிடியோடு வண்டி நின்றுவிடும். தெரிந்தவர் என்ன செய்வார்? முதல் சுற்றிலேயே இரண்டு பக்கமும் சின்னச் சீட்டைப் போட்டு ஒரு பிடியை எதிராளிக்குத் தானம் செய்துவிடுவார். கையில் மிச்சமிருக்கும் ஒற்றைச் சீட்டை வைத்துப் பிறகு எதிர்ப்பக்கம் போய் ஏஸ், ராஜா, ராணி அடித்தால், 4-2 ஆக இருந்தாலும் கடைசிச் சின்னச் சீட்டு பிடி எடுக்கும். 84 சதவீதம் வெற்றி. எவ்வளவு அழகு! கையில் மூன்று பெரிய சீட்டை வைத்துக்கொண்டு முதல் பிடியை விட்டுக்கொடுக்க மனசு வர வேண்டும், அதுதான் கஷ்டம். மிச்ச 16 சதவீதத்தில் மாட்டினால்? மாட்டியதுதான். ஆட்டம் சரி, முடிவு தப்பு. இந்த இரண்டையும் தனித்தனி ஏட்டில் எழுதப் பழகியவர்கள்தான் இதில் நீடிக்கிறார்கள்.

ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற கணித ஆய்வாளர் 1993இல் வெளியிட்ட 'மேஜிக்: த கேதரிங்' ஆட்டம் வேறு வழியில் போனது. 60 அட்டையில் 24 'நில' அட்டை வைத்துக்கொண்டு ஏழு எடுத்தால், ஒரே ஒரு நிலமோ அதுவும் இல்லாமலோ வர ஏழுக்கு ஒரு தடவை வாய்ப்பு. நிலம் இல்லாவிட்டால் ஒன்றும் ஆட முடியாது. எனவே கையைத் திருப்பிக் கொடுக்க விதியிலேயே இடம் வைத்தார்கள். 1997இலிருந்து, ஒரு அட்டை குறைவாக மறுபடி எடுக்கலாம். 2019இலிருந்து, மறுபடி ஏழே எடுத்துப் பார்த்துவிட்டு ஒன்றைக் கட்டின் அடியில் தள்ளலாம். துரதிர்ஷ்டத்துக்கு ஒரு அட்டை அபராதம், அவ்வளவுதான்.

இனி நம்ம ஊர் ரம்மி. செகந்திராபாத் கிளப் ஒன்றின் வழக்கில் 1967 நவம்பரில் உச்ச நீதிமன்றம், ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டம், சீட்டு விழுவதை நினைவில் வைக்க வேண்டும், எதை வைப்பது எதை விடுவது என்று தெரிய வேண்டும் என்று சொன்னது. மூன்று சீட்டு மாதிரி இல்லை என்றது. ரம்மியில் உள்ள அதிர்ஷ்டம் பிரிட்ஜில் சீட்டுப் போடும்போது உள்ள அதிர்ஷ்டம் போன்றதே என்றும் ஒப்பிட்டது. இணைய ரம்மி வந்த பிறகு அந்தத் தீர்ப்பை எல்லோரும் கையில் எடுத்தார்கள். தமிழ்நாடு 2022இல் கொண்டுவந்த சட்டம் ரம்மிக்குப் பொருந்தாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் சொன்னதற்கும் இந்தத் 'திறமை'தான் காரணம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்று பார்க்காமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்தது.

திறமை இருக்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பிரிட்ஜோடு ஒப்பிட்டதுதான் உறுத்துகிறது. போட்டி பிரிட்ஜில் சீட்டுப் போடும் அதிர்ஷ்டத்தைத் தட்டில் வைத்து அடுத்த மேசைக்கு அனுப்பிவிடுகிறார்கள். ராத்திரி ஒரு மணிக்குக் கைப்பேசியில் ரம்மி ஆடி, விட்ட காசைப் பிடிக்க இன்னொரு ஆட்டம் என்று உட்கார்ந்தவருக்கு அப்படி அடுத்த அறை கிடையாது. அவருக்கு வந்த 13 சீட்டு வேறு யாருக்கும் வரவில்லை. கேவண்டிஷின் முதல் அறையில் இருக்கிறோமா இரண்டாவது அறையிலா என்று அவருக்குத் தெரியவும் வழியில்லை.