முற்றத்தில் பிறந்த பள்ளி

"அங்கன்வாடி" என்னும் சொல்லை அறியாத தாய் நம் தெருக்களில் இல்லை. ஆயின், அது தாழ்த்தப்பட்ட மக்களின் முற்றத்தில் பிறந்த சொல் என்பதை அறிந்தோர் மிகச் சிலரே. நம் இளைஞர்கள் அவ்வரலாற்றை அறிதல் வேண்டும்.

மழலையர்க்குப் பாட்டும் கைவேலையும் ஆட்டமுமே முதற்பாடம் என்னும் கருத்துக்குப் பள்ளி வடிவம் தந்தவர் ஜெர்மானியராகிய ஃப்ரோபல். 1840 இல் அவர் தம் பள்ளிக்குக் "குழந்தைகளின் தோட்டம்" எனப் பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்று பெயரிட்டார். 1851 இல் பிரஷ்ய அரசு அத்தகைய பள்ளிகளைத் தடை செய்தது. குழந்தைகள் பாடி ஆடுவதைக் கண்டும் ஓர் அரசு அஞ்சியது வியப்பே! 1907 இல் மரியா மாண்டிசோரி அம்மையார் உரோமை நகரில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த பகுதியில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1920 இல் கிஜுபாய் பதேகா பவநகரில் பாலமந்திரம் கண்டார். எனினும், இம்முறைக்கு வேண்டிய கருவிகள் விலை மிக்கவை. ஏழையர் குடிசைக்கு அவை எட்டவில்லை.

கிஜுபாயுடன் பணியாற்றிய தாராபாய் மோடக் அம்மையார் இக்குறையை உணர்ந்தார். 1945 இல் பம்பாய்க்கு வடக்கே, போர்டி என்னும் கடலோரச் சிற்றூரில் பாலர் பள்ளி தொடங்கினார். துணை நின்றவர் அனுதாய் வாக். பதின்மூன்று வயதில் மணமாகி, ஆறு திங்களுக்குள் கைம்மை எய்தி, அதன்பின் கல்வி கற்று உயர்ந்தவர் அவர்.

பள்ளி திறந்தது, ஆனால் தாழ்த்தப்பட்டோர் பிள்ளைகள் வரவில்லை. பெற்றோர் கூலிக்குச் சென்றால் தம்பி தங்கையரைச் சுமப்பது யார்? குளிப்பாட்டித் தலைவாரி அனுப்புவது யார்? தலைமுறை தலைமுறையாக "எட்டி நில்" என்றே கேட்டவர்களின் பிள்ளைகள் ஊர்ப்பள்ளியின் படியை எளிதில் ஏறிவிடுவார்களா? இது நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டுவதன்று.

பிள்ளைகள் வாராரெனில் பள்ளி அவர்களிடம் செல்லட்டும் என ஆசிரியைகள் அக்குடியிருப்பின் முற்றத்துக்கே சென்றனர். அங்கேயே குழந்தைகளைத் தூய்மைப்படுத்திப் பாட்டும் கதையும் தொடங்கினர். மராத்தியில் முற்றத்துக்கு "அங்கண்" என்று பெயர். அதுவே அங்கன்வாடி ஆயிற்று. விலை மிக்க மரக்கருவிகள் நீங்கின. கிளிஞ்சலும் விதையும் இலையும் களிமண்ணும் கருவிகளாயின.

1957 இல் இப்பணி கோஸ்பாட் மலைப்பகுதிக்குச் சென்றது. அங்கு வாழ்வோர் வார்லிப் பழங்குடியினர். அரிசி மாக்குழம்பால் மண்சுவரில் ஓவியம் தீட்டுபவர்கள், தார்ப்பா என்னும் ஊதுகருவியின் இசைக்கு வட்டமிட்டு ஆடுபவர்கள். அவர்தம் பிள்ளைகளுக்கு ஓவியமும் ஆட்டமும் புதிய பாடங்களா என்ன! மாடு மேய்க்கும் சிறுவர்களுக்கு மேய்ச்சல் வெளியிலேயே வகுப்பு நடந்தது.

தாராபாய் 1973 இல் மறைந்தார். 1975 அக்டோபர் 2 அன்று ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டத்தை இந்திய அரசு 33 இடங்களில் தொடங்கியபோது, அதன் மையங்களுக்கு இப்பெயரே சூட்டப்பட்டது. பெயர் நம் தெருவரை வந்துவிட்டது. பாட்டும் களிமண்ணும் உடன் வந்தனவா என்பதை, இம்மலரைப் படிக்கும் இளைஞர்கள் ஒருநாள் காலையில் நேரிற் சென்று காணட்டும்.