காருக்குள்ள ஓடுற வாட்ஸ்அப் குரூப்... அதுல யாரைச் சேர்க்கிறோம்னு தெரியுமா?

தீபாவளிக்கு ஒரு வாரம் முன்னாடி, சிவகாசியில பட்டாசு வாங்கிட்டு மதுரைக்குத் திரும்பிக்கிட்டிருந்தோம். சித்தப்பாவோட கார், செகண்ட் ஹேண்ட். பத்து நாளைக்கு முன்னாடிதான் அதுல புது ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டியிருந்தார். விருதுநகர் வழியா வந்துட்டு எண்ணெய் பரோட்டா சாப்பிடாம எப்படிப் போறது? ஓரமா நிறுத்திட்டு, சாப்பிட்டு வந்து சாவியைத் திருப்பினா, டேஷ்போர்டுல கார்த்திகை தீபம்! இன்ஜின் லைட், ஏபிஎஸ் லைட், ஸ்டீயரிங் லைட், ஏர்பேக் லைட்னு எல்லாம் எரியுது. வண்டி மட்டும் ஸ்டார்ட் ஆகலை.

பக்கத்துல இருந்த ஒரு மெக்கானிக் அண்ணன் வந்தார். பானெட்டைத் திறக்கலை. "டிக்கில என்ன இருக்கு தம்பி?"ன்னு கேட்டார்.

"பட்டாசுண்ணே."

"முதல்ல அதை இறக்கித் தள்ளி வைங்க. அப்புறம்தான் ஒயர்ல கை வைப்பேன்."

இறக்கி வெச்சோம். ஸ்டீரியோவை வெளிய இழுத்தார். பின்னாடி முறுக்கிக்கிட்டுப் போற ரெண்டு மெல்லிசு ஒயரைத் தோல் உரிச்சு, வேற ரெண்டு ஒயரைச் சுத்தி, டேப் ஒட்டியிருந்தாங்க. வெயில்ல டேப் பிசின் இளகி, செம்பு ரெண்டும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிடந்தது. பிரிச்சு தனித்தனியா டேப் சுத்தினார். லைட் எல்லாம் அணைஞ்சது, வண்டி ஸ்டார்ட் ஆச்சு. "இந்த ரெண்டும் ஒட்டிக்கிட்டா வண்டி ஊமையாயிரும் தம்பி"ன்னு சிரிச்சவர், அடுத்து ஒண்ணைக் காட்டினப்போ சிரிக்கலை. ஸ்டீரியோவோட சிவப்பு ஒயர், நடுவுல ஃபியூஸே இல்லாம நேரா பேட்டரி லைன்ல முறுக்கப்பட்டிருந்தது.

அந்த ரெண்டு மெல்லிசு ஒயரோட பேர்தான் கேன் பஸ். கன்ட்ரோலர் ஏரியா நெட்வொர்க்.

அட்மினே இல்லாத குரூப்

பழைய அம்பாசடர்ல ஒவ்வொரு சுவிட்சுக்கும் தனி ஒயர் போகும். வண்டியில எலெக்ட்ரானிக்ஸ் கூடக் கூட, ஒயர் கட்டு கை தண்டிக்குப் பெருத்துடுச்சு. 1983-ல் ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் இதுக்கு மாற்று தேட ஆரம்பிச்சது. 1986-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட்ல நடந்த வாகனப் பொறியாளர்கள் மாநாட்டுல கேன் அறிமுகமாச்சு. இன்ஜின், பிரேக், ஏர்பேக், கதவு லாக்னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு குட்டி கம்ப்யூட்டர், எல்லாரும் பேசிக்க ஒரே ஜோடி ஒயர். அவ்வளவுதான்.

குடும்ப வாட்ஸ்அப் குரூப் மாதிரின்னு வெச்சுக்கோங்க. ஒருத்தர் சொல்றது எல்லாருக்கும் கேட்கும், தேவையானவங்க எடுத்துப்பாங்க. ரெண்டு பேர் ஒரே நேரத்துல பேச ஆரம்பிச்சா, எந்தச் செய்தியோட எண் சின்னதோ அது முன்னாடி போகும். ஒரு முக்கியமான வித்தியாசம், இங்க அனுப்பினவர் பேர் வராது. செய்தியோட எண் மட்டும்தான் வரும். அதனால, அந்த ஒயர்ல யார் ஏறினாலும், பிரேக் கம்ப்யூட்டர் பேசுற மாதிரியே பேச முடியும். அட்மின் கிடையாது, பிளாக் பண்ற வசதியும் கிடையாது. 1980-கள்ல, வெளியாள் ஒருத்தர் இந்தக் குரூப்புக்குள்ள வருவார்னு யாரும் நினைக்கலை.

கேன் ஹை, கேன் லோன்னு ரெண்டு ஒயர். சும்மா இருக்கும்போது ரெண்டுலயும் சுமார் 2.5 வோல்ட். பேசும்போது ஒண்ணு 3.5-க்கு ஏறும், இன்னொண்ணு 1.5-க்கு இறங்கும். அந்த இடைவெளிதான் செய்தி. ரெண்டும் ஒட்டிக்கிட்டா இடைவெளியே வராது. திருட்டைத் தடுக்குற இம்மொபிலைஸரும் 'இது நம்ம சாவிதான்'ங்கிறதை இதே ஒயர் வழியாத்தான் இன்ஜினுக்குச் சொல்லும். சொல்ல முடியலைன்னா இன்ஜின் கிளம்பாது. எங்களுக்கு நடந்தது அதுதான்.

எது கேட்கும், எது பேசும்?

கடையில வாங்கி மாட்டுற எல்லாமே இந்த ஒயரைத் தொடுறது இல்லை. டேஷ்கேம், ஃபாக் லைட், ஹாரன் இதுக்கெல்லாம் பவர் மட்டும் போதும். நல்ல ரிலே, பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸ் இருந்தா வேலை முடிஞ்சது. ஹெட்லைட் ஒயரை உரிச்சு அதுல இருந்து கரன்ட் எடுக்காதீங்க. பைக்குக்கும் இதேதான்.

'கேன்பஸ் எல்.ஈ.டி' பல்புன்னு ஒண்ணு விக்குறாங்களே, அதுதான் செம காமெடி. அதுல பெரும்பாலானது கேன் ஒயர்ல ஒரு வார்த்தைகூடப் பேசாது. எல்.ஈ.டி கம்மியா கரன்ட் எடுக்குறதால, வண்டி 'பல்பு ஃபியூஸ் போச்சு'ன்னு நினைச்சுக்கும். அதை ஏமாத்த உள்ளே ஒரு ரெசிஸ்டர் வெச்சிருப்பாங்க. அந்த ரெசிஸ்டர் நல்லா சூடாகும். பிளாஸ்டிக்கை ஒட்டி வெச்சா என்ன ஆகும்னு தனியா சொல்லணுமா?

ஸ்டீயரிங் பட்டனைப் புது ஸ்டீரியோவோட சேர்க்குற டப்பா கதை வேற. பட்ஜெட் கார்கள் பலதுல அந்தப் பட்டன் வெறும் ரெசிஸ்டர் ஒயர்தான், கேனைத் தொடவே வேண்டாம். மத்த வண்டிக்கு, அந்த மாடலுக்குன்னே வர்ற டப்பாவும் கப்ளரும் வேணும். வேற மாடலோட டப்பாவை மாட்டினா, வேகம் பொருந்தாம குரூப்ல எல்லாரும் பேசும்போது குறுக்க குறுக்கக் கத்திக்கிட்டு இருக்கும்.

ஓபிடி போர்ட்ல சொருகுற புளூடூத் டாங்கிள் எனக்குப் பிடிச்ச ஐட்டம். செக் இன்ஜின் லைட் எரிஞ்சா, மெக்கானிக்கிட்ட போறதுக்கு முன்னாடி கோடு என்னன்னு போன்லயே பார்க்கலாம். ஆனா பார்த்து முடிச்சதும் கழட்டிடுங்க. அந்தப் போர்ட்ல வண்டி ஆஃப்ல இருந்தாலும் பேட்டரி கரன்ட் இருக்கும். மலிவு டாங்கிள் பலதோட பின் நம்பர் 1234. பார்க்கிங்ல பக்கத்து வண்டிக்காரரும் உங்க குரூப்ல சேர்ந்துக்கலாம்.

பயமுறுத்தலை. 2015-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ ஆய்வாளர்கள், கார்வெட் கார்ல சொருகியிருந்த ஒரு டிராக்கிங் டாங்கிளுக்கு எஸ்.எம்.எஸ் அனுப்பியே வைப்பரை ஓட விட்டாங்க. பிரேக்கையும் மெதுவா போகும்போது பிடிக்கவும் பிடிக்காம இருக்கவும் வெச்சாங்க. 2022-ல் லண்டன்ல ஒரு டொயோட்டா ராவ்4 திருடு போச்சு. திருடங்க கதவை உடைக்கலை. ஹெட்லைட் பின்னாடி இருந்த கேன் ஒயர்ல ஒரு கருவியை மாட்டி, 'சாவி சரிதான், திற'ன்னு குரூப்ல மெசேஜ் போட்டாங்க. அந்த வண்டி ஓனரே வாகனப் பாதுகாப்பு ஆய்வாளர்ங்கிறதுதான் ட்விஸ்ட். அவராலதான் இந்தத் திருட்டு டெக்னிக் வெளிய வந்துச்சு.

லோடு வண்டிக்காரங்க கவனத்துக்கு

நம்ம பெல்ட்டுக்கு வருவோம். பயணிகளை ஏத்துற பொதுப் போக்குவரத்து வண்டிகளுக்கு ஏஐஎஸ் 140 ஜி.பி.எஸ் கருவியும் அவசர பட்டனும் 2019 ஜனவரியில இருந்து கட்டாயம் (ஆட்டோவுக்கு விலக்கு). 2022-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஆபத்தான சரக்கு ஏத்துற 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கும் இதைக் கொண்டுவந்தது. மோட்டார் வாகன விதிகள்ல ஆபத்தான சரக்குப் பட்டியலோட முதல் வகுப்பே வெடிபொருள்தான். ஆக, சிவகாசி, சாத்தூர், விருதுநகர் பக்கம் டிராக்கர் மாட்டுறது இனி ஃபேஷன் இல்லை.

அந்தக் கருவி இருக்குற இடத்தைச் சொல்ல பவர், எர்த், இக்னிஷன் ஒயர் போதும். டீசல் அளவு, ஆர்.பி.எம் எல்லாம் ஆப்ல வேணும்னு ஓனர் கேட்கும்போதுதான் கேன் ஒயர் தேவைப்படுது. அப்பவும் ஒயரை உரிக்க வேண்டியதில்லை. ஒயருக்கு மேலேயே கிளிப் மாதிரி கவ்வி, தோலைத் தொடாம 'கேட்க' மட்டும் செய்யுற ரீடர்கள் மார்க்கெட்ல இருக்கு. பேசவே முடியாத ஆள் குரூப்ல சண்டை போட மாட்டார்.

கேன் ஒயர்ல ஓடுற வோல்ட்டுக்கு நெருப்புப் பிடிக்கிறது ரொம்பக் கஷ்டம். பயப்பட வேண்டியது கூடவே வர்ற பவர் ஒயருக்குத்தான். ஃபியூஸ் இல்லாத ஒயர் பாடியில உரசி ஷார்ட் ஆனா, அந்த ஒயரே ஹீட்டர் கம்பி ஆயிடும். பின்னாடி இருக்கிறது வெங்காய மூட்டைன்னா வண்டியோட போயிடும். பட்டாசுப் பெட்டின்னா? அந்த மெக்கானிக் அண்ணன் முதல் கேள்வியா டிக்கியைக் கேட்டது சும்மா இல்லை.

வேலை முடிஞ்சதும் நீங்களே ஒரு டெஸ்ட் பண்ணலாம். பேட்டரி டெர்மினலைக் கழட்டிட்டு, ஓபிடி போர்ட்ல 6-வது, 14-வது பின்னுக்கு நடுவுல மல்டிமீட்டரை ஓம்ல வைங்க. பொதுவா 60 ஓம் வரும். நெட்வொர்க்கோட ரெண்டு முனையிலயும் 120 ஓம் ரெசிஸ்டர் இருக்குறதால இந்தக் கணக்கு. 120 காட்டினா ஒரு முனை அறுந்திருக்கு. 40 காட்டினா, மாட்டின கருவிக்குள்ள தேவையில்லாம மூணாவது ரெசிஸ்டர் இருக்கு. சைபர் பக்கம்னா எங்க கதைதான். நடுவுல கேட்வே இருக்குற புது மாடல்கள்ல வேற அளவு வரலாம். அதனால மாட்டுறதுக்கு முன்னாடியும் ஒரு தடவை அளந்து எழுதி வெச்சுக்கோங்க. அளவு மாறினா கடையை விட்டு வண்டியை எடுக்காதீங்க.

சித்தப்பா வண்டியில அந்த இணைப்பை மொத்தமா எடுத்துட்டோம். பவர் ஒயருக்கு ஃபியூஸ் போட்டாச்சு. ஸ்டீயரிங்ல இருக்குற வால்யூம் பட்டன் இப்போ வேலை செய்யாது. இளையராஜா பாட்டு வந்தா கையை நீட்டி ஸ்க்ரீன்லதான் சத்தம் வைக்கிறார்.