எஃப்சிங்க் தோற்றால் என்ன பொருள்?

ஒரு நிரல் கோப்பில் எழுதும்போது தரவு நேரே வட்டுக்குப் போவதில்லை. இயங்குதளத்தின் மையமான கர்னலின் நினைவகத்தில் உள்ள பேஜ் கேஷுக்குப் போய், 'அழுக்குப் பக்கம்' என்ற அடையாளத்தோடு அங்கே காத்திருக்கிறது. லினக்ஸின் இயல்பு அமைப்பில் கர்னல் 5 வினாடிக்கு ஒருமுறை விழித்துப் பார்த்து, 30 வினாடியைத் தாண்டிய பக்கங்களை வட்டுக்கு அனுப்பும். அதற்குள் மின்சாரம் போனால் தரவும் போயிற்று. ஆனால் 'எழுதியாயிற்று' என்ற பதில் நிரலுக்கு முன்பே கிடைத்திருக்கும். அவ்வளவு நேரம் பொறுக்க முடியாத நிரல்களுக்காக இருப்பதுதான் எஃப்சிங்க் அழைப்பு. அது பிழையின்றித் திரும்பினால் கோப்பு வட்டில் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம். (மேக்ஓஎஸ்ஸில் இதுவும் அரைகுறைதான். வட்டுக்குள்ளேயே இருக்கும் கேஷைக் காலிசெய்ய அங்கே தனிக் கட்டளை வேண்டும்.)

தரவு தொலைந்தால் முதலில் குற்றக்கூண்டில் ஏற்றப்படுபவர் நிரலர். 2009-இல் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை பரவத் தொடங்கியபோது, கணினி திடீரென்று நின்று மீண்டதும் பலருடைய அமைப்புக் கோப்புகள் வெறுமையாகக் கிடந்தன. வட்டில் இடம் ஒதுக்குவதை அது தள்ளிப்போட்டதே காரணம். புதிய கோப்பில் எழுதி அதற்குப் பழைய கோப்பின் பெயரை இடுவதற்கு முன் எஃப்சிங்க் அழைக்காத நிரல்கள்மீதுதான் பிழை என்றார் அதன் பராமரிப்பாளர் தியடோர் சோ. சொன்னதோடு நில்லாமல், அத்தகைய நிரல்களுக்கும் ஈடுகொடுக்கும்படி கர்னலையும் திருத்தினார். அவர் வாதம் நியாயமானதே. ஆனால் எஃப்சிங்க்கை ஒழுங்காக அழைத்தவர் கதி என்ன? அந்த அழைப்பின் வெற்றிக்குப் பொருள் உண்டு. தோல்விக்கு எவரும் பொருள் வரையறுக்கவில்லை. ஓட்டை அங்கேதான் என்பது என் வாதம்.

2018-இல் போஸ்ட்கிரெஸ் தரவுதளக் குழுவினர் இதை நேருக்கு நேர் சந்தித்தார்கள். தரவுதளத்தின் நடைமுறை நம் கடைக்கணக்கைப் போன்றது. வரவு முதலில் சிட்டையில் ஏறும். பிறகு பேரேட்டுக்குப் போகும். பேரேடு வட்டில் சேர்ந்துவிட்டது என்று எஃப்சிங்க் சொன்ன பிறகே பழைய சிட்டைத் தாளைக் கழிக்கலாம். எஃப்சிங்க் பிழை சொன்னால் அன்றைய போஸ்ட்கிரெஸ் சற்றுப் பொறுத்து மறுபடி அழைக்கும். மறுமுறை வெற்றி என்று பதில் வரும். சிட்டைத் தாள் கழிக்கப்படும். ஆனால் லினக்ஸோ, முதல் தோல்வியின்போதே அந்தப் பக்கங்களின் அழுக்கு அடையாளத்தைத் துடைத்திருக்கும். இரண்டாம் அழைப்புக்கு எழுத எதுவும் மிச்சமில்லை. வெற்றி வந்ததன் சூட்சுமம் அதுதான். பேரேட்டில் பழைய கணக்கு, சிட்டையோ கிழிபட்டாயிற்று. ஏறத்தாழ 20 ஆண்டுகள் இந்த மறுமுயற்சியை எல்லாரும் பொறுப்பான நடத்தை என்றே நம்பியிருந்தார்கள்.

கர்னல் தரப்புக்கும் ஒரு பதில் உண்டு. யாரோ ஒருவர் யுஎஸ்பி குச்சியைப் பாதியில் பிடுங்கிவிடுகிறார். இனி எங்குமே எழுத வழியில்லாத பக்கங்களை அழுக்காகவே வைத்திருந்தால் நினைவகம் அடைபட்டுப்போகும். அதைத் தவிர்க்கவே துடைக்கிறோம் என்கிறார்கள். இந்த நியாயம் குச்சிக்குப் பொருந்தும். ஒரு நொடி தடுமாறி மீளும் சேமிப்பகத்துக்கு அதையே நீட்டுவது, பிடுங்கப்பட்ட குச்சிக்கான விதியைக் கருவூலத்துக்கும் எழுதிவைப்பது போன்றது.

பிழைச் செய்தி யாருக்குப் போய்ச் சேரும் என்பதும் குழப்பமாகவே இருந்தது. பழைய லினக்ஸில் கோப்புக்கு ஒரே பிழைக்கொடிதான். முதலில் கேட்டவர் அதை எடுத்துக்கொண்டால் அடுத்தவருக்கு எதுவும் தெரியாது. 2017-இல் வந்த 4.13 பதிப்பில், பிழை நேர்ந்தபோது கோப்பைத் திறந்துவைத்திருந்த ஒவ்வொருவருக்கும் அது தெரியும்படி மாற்றினார்கள். நல்ல திருத்தம்தான். ஆனால் அது சேதியை மட்டுமே காப்பாற்றியது, தரவை அல்ல.

2020-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வேண்டுமென்றே எழுதுபிழைகளை உண்டாக்கிச் சோதித்தபோது இன்னும் சங்கடமான ஒன்று புலப்பட்டது. எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகிய இரு கோப்பு முறைமைகளிலும், எஃப்சிங்க் தோற்ற பிறகு கோப்பைப் படித்தால் புதிய தரவே வருகிறது. வட்டில் இருப்பது பழையது. பக்கம் நினைவகத்திலிருந்து வெளியேறும்வரை இந்த மாயம் நீடிக்கும். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் கவனமான நிரலரைத்தான் இது அதிகம் ஏமாற்றும். அவர்கள் சோதித்த மற்றொரு கோப்பு முறைமையான பிடிஆர்எஃப்எஸ் மட்டும் பழைய நிலைக்கே திரும்பிவிடுகிறது. ஆக, ஒரே அழைப்பின் ஒரே பிழைக்குக் கோப்பு முறைமைக்கு ஒரு பொருள்.

போஸ்ட்கிரெஸ் 2019 பிப்ரவரியில் வெளியிட்ட திருத்தம் மறுமுயற்சியைக் கைவிட்டது. இப்போது எஃப்சிங்க் தோற்றால் தரவுதளம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு, மீண்டெழுந்து, சிட்டையிலிருந்து பேரேட்டைப் புதிதாக எழுதுகிறது. இருப்பதில் நேர்மையான வழி இது என்றே கருதுகிறேன். ஆனால் நின்றது தரவுதளம் மட்டும்தான்; கர்னல் இயங்கிக்கொண்டே இருக்கிறது, பேஜ் கேஷும் கலையவில்லை. தோற்றது சிட்டையின் எஃப்சிங்க்காகவே இருந்தால், மீண்டெழும் தரவுதளம் படிக்கும் சிட்டை வட்டில் இல்லாத சிட்டையாக இருக்கக்கூடும். எழுதத் தவறிய பக்கத்தை யாராவது மறுபடி எழுதும்வரை, அதைப் படிக்க வருபவருக்கும் கர்னல் பிழையையே திருப்பித் தர வேண்டும். இன்றைய லினக்ஸ் அப்படிச் செய்வதில்லை.