தீயணைப்பானும் அதைப் பிடித்த கையும்

கையால் தூக்கிச் செல்லும் தீயணைப்பானின் முன்னோடியாகக் கருதப்படுவது, எடின்பரோவில் நேர்ந்த தீவிபத்து ஒன்றைக் கண்ட ஆங்கிலேயரான கேப்டன் ஜார்ஜ் வில்லியம் மேன்பி வடிவமைத்து, 1818 அளவில் மக்கள் முன் வைத்த செம்புக் கலமாகும். அதில் பொட்டாசியம் கார்பனேட்டுக் கரைசலும், அதை வெளியே தள்ளுவதற்கான அழுத்தக் காற்றும் அடைக்கப்பட்டிருந்தன. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய சோடா-அமிலக் கருவியோ காற்றை முன்கூட்டி அடைக்காமல், கவிழ்த்ததும் உள்ளிருக்கும் கந்தக அமிலம் ஆப்பசோடாக் கரைசலில் கலந்து உண்டாக்கும் கரியமில வாயுவின் விசையையே நம்பியது. ஒருமுறை கவிழ்த்தால் அதை நிறுத்த வழியில்லை. பீய்ச்சியது நீரே என்பதால் மின்கம்பியில் பற்றிய தீக்கும் எரியும் எண்ணெய்க்கும் அது ஆபத்தாகவே இருந்தது.

அந்தக் குறையை நீக்க வந்ததுதான், 1910களில் அமெரிக்காவின் பைரீன் நிறுவனம் விற்ற பித்தளைக் கைப்பம்பு. அதன் பிடியை இழுத்துத் தள்ளினால் பீறிடும் கார்பன் டெட்ராகுளோரைடு என்னும் திரவம், மின்சாரத்தைக் கடத்தாது, கறை விடாது. சூட்டில் கனத்த ஆவியாகித் தீயை அடக்கும். வீடுகளிலும் மோட்டார் வண்டிகளிலும் அது இடம்பிடித்ததில் வியப்பில்லை. ஆனால் அதே ஆவி கல்லீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கக்கூடியது. மிகச் சூடான உலோகத்தின் மீது பட்டபோதோ, முதல் உலகப் போரில் கொல்லும் ஆயுதமாகப் பயன்பட்ட பாஸ்ஜீன் வாயு அதிலிருந்து உருவாயிற்று. தீயணைப்பான்களின் வரலாற்றில் மிகவும் வேதனை தரும் பகுதி இதுவே. காற்றோட்டமற்ற சிறு அறையில் அதைப் பயன்படுத்தியவர் தீக்குத் தப்பினாலும் நஞ்சுக்கு இரையாகும் ஆபத்து இருந்தது. பின்னாளில் வந்த ஹாலான் வாயுக்கள் மனிதர்க்கு அத்தனை கேடு செய்யவில்லை எனினும், ஓசோன் படலத்தை அரித்தமையால் 1987ஆம் ஆண்டின் மான்ட்ரியல் உடன்படிக்கையைத் தொடர்ந்து ஒடுக்கப்பட்டன.

இன்று வீட்டுக்குப் பெரிதும் பரிந்துரைக்கப்படும் ஏபிசி பொடி, மோனோ அம்மோனியம் பாஸ்பேட்டை மூலமாகக் கொண்டது. மரம், துணி போன்றவற்றின் கனலின் மேல் உருகிப் படிந்து காற்றை மறைப்பதோடு, திரவத் தீயையும் மின்சாதனத் தீயையும் அது கையாளும். எனினும் வாணலியில் பற்றிய எண்ணெய் பொடியால் அணைந்தபின்னும் சூடு தணியாமல் மீண்டும் பற்றக்கூடும். அடுப்பை அணைத்து, மூடியால் வாணலியை மூடி, ஆறும்வரை திறக்காமலிருப்பதே அங்குப் பொருந்தும். எனவே வாங்குபவர் எடையையும் விலையையும் பார்க்குமுன், உருளையில் அச்சிட்டுள்ள தீ வகைகளையும் அழுத்தமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்பதையும் பார்த்து, அதை அடுப்புக்கு மேலே மாட்டாமல், சமையலறையிலிருந்து வெளியேறும் வழியருகே மாட்ட வேண்டும்.